வாசகர் கேள்வி: வீட்டை ஜாக்கி வைத்து உயர்த்தலாமா?

கேள்வி: முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டியபோது எங்கள் வீடு தெருவைவிட இரண்டடி மேலே இருந்தது. சாலை போடப்போட, இப்போது இரண்டு படி இறங்கித்தான் உள்ளே செல்கிறோம். 2015இலும் 2023 டிசம்பரிலும் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிவிடலாமா?
- வாசகி, மடிப்பாக்கம், சென்னை

பதில்: சுவர்களே பாரம் தாங்கும் பழைய வீடு என்றால் தூக்கலாம். அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டி, சுவரின் அடிப்பகுதியைச் சிறிது சிறிதாக உடைத்து, அந்த இடைவெளியில் இரும்புச் சட்டங்களையும் வரிசையாகத் திருகு ஜாக்கிகளையும் நுழைத்து, ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் ஒரே அளவில் திருப்பத் திருப்ப, வீடு நூல் நூலாக மேலேறும். வேண்டிய உயரம் வந்ததும் அடியில் செங்கல்லும் கான்கிரீட்டும் வைத்துக் கட்டிவிடுவார்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். தூண்கள் தாங்கும் கட்டடமாக இருந்தால், ஒப்பந்தக்காரரின் உறுதிமொழியோடு நின்றுவிடாமல் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுவது அவசியம்.

செலவுக் கணக்கில் பலரும் ஏமாறுவது இங்கேதான்: சுவர் மேலே போகும், தரை கீழேயே இருக்கும். மண் நிரப்பி, டைல்ஸ் பதித்து, படிக்கட்டு, கழிவுநீர்க் குழாய், குடிநீர் இணைப்பு அனைத்தையும் புதிதாக அமைக்க வேண்டும். அத்தோடு மின்மீட்டர் பெட்டியையும் மேலே ஏற்றிவிடுங்கள்.

வீடு உயர்ந்தாலும் தெருவில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை ஏரிகளின் உபரிநீர் வடிவது பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு. ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் பரந்திருந்த அந்நிலத்தில் இன்று எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கு அளவே. 2022இல் அதற்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தகுதி கிடைத்தது. காப்பாற்ற எஞ்சியிருந்தது அவ்வளவுதான். ஆனால் தெரு மேலும் ஏறாமல் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். சாலை போடும் வண்டிகள் பெரும்பாலும் இரவில்தான் வருகின்றன. ஆகவே இன்றைய சாலை மட்டத்தை மதில்சுவரில் பெயிண்டால் குறித்து, படம் எடுத்து வைத்துக்கொண்டு, வேலை நடக்கும் இரவில் தெருக்காரர்கள் நான்கு பேராவது விழித்திருங்கள்.

கேள்வி: மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை நிறுத்துவது சரியா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: 2023இல் கார் மூழ்கியவர்கள் 2024 அக்டோபரில் அப்படிச் செய்ததைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஓரமாக நிறுத்தி, ஆம்புலன்சுக்கு வழி விடுங்கள்.