சீண்டலுக்கு எத்தனை யார்டு? அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்கள்: கேள்வி பதில்

அமெரிக்க ஃபுட்பால் (காலால் உதைக்கும் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம்), பாஸ்கெட்பால் விதிகள்தான் என் பேட்டை. மற்றதெல்லாம் தெரிந்தவரை.

கே: எதிராளியைச் சீண்டினால் டச்டவுனையே (பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டி வாங்கும் ஆறு புள்ளி) ரத்து செய்வார்களாமே, நிஜமா?

ப: நிஜம். கல்லூரி ஃபுட்பாலில் 2011 முதல் அப்படித்தான். பந்தோடு ஓடுகிறவனுக்கு முன்னால் யாருமில்லை என்று வையுங்கள். ஐந்து யார்டு கோட்டில், அதாவது எல்லைக்கு ஐந்து யார்டு முன்னால், திரும்பி, துரத்தி வருகிறவன் மூஞ்சிக்கு நேரே பந்தை ஆட்டிக் காட்டுகிறான். நடுவரின் மஞ்சள் கொடி விழும், தப்பு என்று அர்த்தம். அதன் பிறகு அவன் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பல்டியே அடித்தாலும் ஆறு புள்ளி கிடையாது. தப்பு நடந்த இடத்திலிருந்து 15 யார்டு பின்னால், அதாவது 20 யார்டு கோட்டிலிருந்து மறுபடி ஆட வேண்டும். அதே சேட்டையைக் கோட்டைத் தாண்டிய பிறகு செய்திருந்தால் புள்ளி நிற்கும், அபராதம் மட்டும் வரும். ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை இப்படிக் கொடி வாங்கினால் வெளியே. தம்பிகளா, பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு உங்கள் ஆட்களோடு போய்க் குதியுங்கள்.

கே: டெக்சஸ் அணியின் மாட்டுக்கொம்பு கை முத்திரையைக் கவிழ்த்துக் காட்டினால் தப்பா?

ப: யாரைப் பார்த்து என்பதுதான் கணக்கு. எதிராளி முகத்துக்கு நேரே என்றால் கொடி விழ வாய்ப்பு அதிகம். சொந்த ரசிகர் பக்கம் என்றால் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

கே: வாய் நீளும் அணி கடைசியில் மண்ணைக் கவ்வும்தானே?

ப: அப்படி ஆசைப்படலாம். 1991-ல் காட்டன் பௌல் என்ற கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தில் மயாமி அணி 202 யார்டு அபராதம் வாங்கியது. வாங்கிக்கொண்டே டெக்சஸை 46-3 என்று துவைத்துக் காயப்போட்டது. கொண்டாட்ட விதிகள் இறுகியதற்கு அந்த மயாமி ஆட்கள் முக்கியக் காரணம்.

கே: 2023 மகளிர் பாஸ்கெட்பால் இறுதியில் ஏஞ்சல் ரீஸ் செய்தது பச்சை அநாகரிகம். ஒப்புக்கொள்கிறீர்களா?

ப: இல்லை. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டும் அந்த ஜான் சீனா (மல்யுத்த வீரர்) சைகையை, அதே தொடரில் லூயிவில் அணிக்கு எதிரான காலிறுதியில் அயோவா அணியின் கெய்ட்லின் கிளார்க் செய்தார். எல்லோரும் ரசித்தார்கள். இறுதியில் ரீஸின் எல்எஸ்யூ (லூயிசியானா ஸ்டேட்) அணி 102-85 என்று அயோவாவை வென்றபோது ரீஸ் அதையே கிளார்க்கிடம் காட்டினார். நாடே பொங்கியது.

கே (அதே நண்பர்): கிளார்க் யார் பின்னாலும் போய்க் காட்டவில்லையே. ரீஸ் தேடிப் போய்க் காட்டினார்.

ப: வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வசவு அந்த வித்தியாசத்தின் அளவுக்கா வந்தது? கறுப்பினப் பெண் செய்தால் திமிர், வெள்ளைக்காரப் பெண் செய்தால் போட்டி மனப்பான்மை என்று பேசினார்கள். ரீஸைத் திட்டக் கூடாது என்று கிளார்க்கே சொல்லிவிட்டார். உங்களுக்கு ஏன் வலிக்கிறது?

கே (வேறொருவர்): நடுவர்கள் தூங்கினார்களா?

ப: தூங்கவில்லை. அந்த ஆட்டத்தில் கிளார்க்குக்கே டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைத் தப்பு) கொடுத்தார்கள், சைகைக்காக அல்ல. மூன்றாம் கால்பகுதியின் கடைசியில் பந்தை நடுவரிடம் தராமல் தட்டிவிட்டார். அது அவருடைய நாலாவது ஃபவுல். பந்தை நடுவர் கையில் கொடுங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்துவது எதற்காம்?

கே: ரீஸ் விஷயத்தில்...

ப: போதும்.

கே: கிரிக்கெட் ஸ்லெட்ஜிங் பற்றி?

ப: அதற்கு நான் ஆள் இல்லை.

கே: கொம்பை ஒரு கையால் மட்டும் கவிழ்த்தால்?

ப: மேலே படியுங்கள்.

கே: ரசிகர் வாய்க்கு விதி உண்டா?

ப: ஆட்டக்காரனைப் போல ரசிகரை விசில் ஊதி அடக்க முடியாது. 2014-ல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் மார்கஸ் ஸ்மார்ட், டெக்சஸ் டெக் மைதானத்தில் ஒரு ரசிகரைத் தள்ளினார். அவருக்கு மூன்று ஆட்டத் தடை. வாய்விட்ட ரசிகர் அந்த சீசன் மிச்சத்துக்கு மைதானப் பக்கம் வருவதில்லை என்று தானாக ஒதுங்கிக்கொண்டார். காயம் யாருக்கு என்று பாருங்கள்.

கே: நல்லதாக ஒன்றாவது சொல்லுங்களேன்.

ப: 2008, மகளிர் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஆட்டம்). வெஸ்டர்ன் ஓரிகன் அணியின் சாரா டுகோல்ஸ்கி தன் முதல் ஹோம் ரன்னை (ஒரே அடியில் பேஸ் எனும் நிலைகளை எல்லாம் தொட்டுச் சுற்றி வரும் ஓட்டம்) அடித்தார். முதல் பேஸைத் தொடாமல் விட்டுவிட்டு, அதைத் தொடத் திரும்பும்போது முழங்கால் தசைநார் அறுந்தது. சொந்த அணியினர் தொட்டால் அவுட், மாற்று ஆள் வந்தால் ஹோம் ரன் போய்விடும் என்றார் நடுவர். எதிரணியான சென்ட்ரல் வாஷிங்டனின் மலோரி ஹோல்ட்மன், லிஸ் வாலஸ் இருவரும் அவரைத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு பேஸிலும் காலைத் தொட வைத்தார்கள். தூக்கியவர்கள் 4-2 என்று தோற்றார்கள். விதிப்படி மாற்று ஆள் ஓடியிருக்கலாம், ஹோம் ரன்னும் நின்றிருக்கும்! விதிப் புத்தகத்தைப் படிக்காத நடுவரால் கிடைத்த நல்ல காட்சி.

கே: என் மகன் முதலாண்டு ஆட்டக்காரன். எதிரணி அம்மாவை இழுத்துப் பேசுகிறது. என்ன செய்ய?

ப: பதில் பேச வேண்டாம், கை ஓங்கவே வேண்டாம். நடுவர் கண்ணில் படுவது இரண்டாவது அடிதான். கேப்டனிடம் சொல்லட்டும். எந்த எண், என்ன சொன்னான் என்று கேப்டன் நடுவரிடம் சொன்னால், அடுத்த முறை காது அந்தப் பக்கம் இருக்கும்.

கே: பயிற்சியாளர் வாய் நீண்டால்?

ப: ஃபுட்பாலில் 2016 முதல் அவருக்கும் அதே கணக்கு. இரண்டாவது கொடியோடு வெளியே.