ஓவியமா பரதமா, எதுல சேரலாம்?

+2 முடிச்சாச்சு, பரதமும் வரையறதும் ரெண்டும் விட முடியல, ஓவியத்துக்கு சென்னை எக்மோர் காலேஜா, பரதத்துக்கு கலாக்ஷேத்ராவான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல முழுநேரமா படிக்க முடியாதுங்க, அத முதல்ல மறந்துடுங்க. கலாக்ஷேத்ரால 4 வருஷ டிப்ளமோ, காலைல ஆரம்பிச்சா நாள் பூரா அதுலயே போயிடும். எக்மோர் அரசு கவின்கலைக் கல்லூரில பிஎஃப்ஏ (ஓவியம் மாதிரி கவின்கலைல இளங்கலை), அதுவும் 4 வருஷம், ஆனா டிகிரி. வீட்ல டிகிரி வேணும்னு சொல்றாங்கன்னா எக்மோர் தான் சரி, டான்ஸ சாயங்காலம் உங்க டீச்சர்கிட்டயே தொடருங்க. ஈசல் முன்னாடி மணிக்கணக்கா நின்னுட்டு நேரா அரைமண்டி (முட்டிய வெளிப்பக்கமா மடக்கி பாதி உட்கார்ற பரத நிலை) போட்டா முட்டி கேக்காது, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போங்க (சிரிக்காதீங்க, நெஜமா தான்).

ஒரு விஷயம், நட்டுவாங்கம் (டீச்சர் தாளம் தட்டி, ஜதி சொல்லி ஆட வைக்கிறது) நடக்கும்போது ஓரமா உட்கார்ந்து ஆடுறவங்கள வேகமா ஸ்கெட்ச் பண்ணுங்க, முகம் நகையெல்லாம் வேணாம், எடை எந்தக் கால்ல விழுது, இடுப்பு எங்க உடையுது, அவ்வளவு தான். எக்மோர் நுழைவுத் தேர்வுல நேர்ல உட்கார்ந்து வரையணும், அங்க இந்தக் கை பழக்கம் பேசும்.

அப்புறம் டிகிரி முடிச்ச பிறகு படிக்கன்னா, ஹைதராபாத் சென்ட்ரல் யூனிவர்சிட்டில எம்பிஏ (MPA) டான்ஸ் இருக்கு, அட அந்த மேனேஜ்மென்ட் எம்பிஏ இல்லீங்க, மாஸ்டர் ஆஃப் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ், பரதம் குச்சிப்புடி ரெண்டும் உண்டு. +2 முடிச்சதும் சேர, வெளியூர் ஓகேன்னா குஜராத்ல பரோடா எம்எஸ் யூனிவர்சிட்டியும் பாருங்க, ஓவியமும் பரதமும் ஒரே யூனிவர்சிட்டிலயே டிகிரியா இருக்கு, ஃபேகல்டி மட்டும் வேற வேற. அப்பாகிட்ட ஹாஸ்டல் பத்தி முதல்ல பேசிடுங்க.