நூடுலுக்குள் ஒரு பைப்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பூங்காவில் ஃபோம் வாள் சண்டை போடுகிறவர்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். இந்த மாதக் கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பள்ளித் தோழர்களோடு சனிக்கிழமை ஆம்ட்கார்ட் என்ற ஃபோம் வாள் சண்டை விளையாடப் போக வேண்டுமாம். வாள் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வீட்டிலேயே செய்யலாமா சார்? அடிபட்டால் என்ன செய்வது?
(ஒரு வாசகி, ஆஸ்டின்)

செய்யலாம் அம்மா. ஆனால் முதல் வாரமே செய்ய வேண்டாம். பெரும்பாலான குழுக்களில் புதிதாக வருகிறவர்களுக்கு இரவல் வாள் வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று வாரம் அதை வாங்கி விளையாடட்டும், தனக்கு எவ்வளவு நீளம் ஒத்து வருகிறது என்று பையனுக்கே தெரிந்துவிடும். இந்த விளையாட்டு உங்கள் டெக்சாஸ் சரக்குதான், 1983இல் எல் பாசோவில் தொடங்கியது. அதற்கும் முன்னால் 1977இல் வாஷிங்டன் டி.சி. பக்கம் டாகோர்ஹிர் என்று இதே மாதிரி ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். இன்றைக்கும் இதில் பலர் தங்கள் வாளைத் தாங்களேதான் செய்துகொள்கிறார்கள்.

வேண்டியது இவ்வளவுதான்: அரை இஞ்ச் பிவிசி பைப், நீச்சல் குளத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு மிதக்கும் ஃபோம் நூடுல் ஒன்று, முகாமில் விரித்துப் படுக்கும் ஃபோம் பாயில் ஒரு துண்டு, டக்ட் டேப், கொஞ்சம் துணி. அரை இஞ்ச் என்பது பெயர்தான், பைப்பின் வெளிவிட்டம் 0.84 இஞ்ச், அதாவது 21 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நூடுலின் ஓட்டையோ கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் நூடுலைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய் பைப்பைச் செருகிப் பார்த்து வாங்குங்கள், யாராவது ஒரு மாதிரியாகப் பார்த்தால் பார்க்கட்டும். இறுக்கமாக இருந்தால் நல்லது, சோப்புத் தண்ணீர் தடவினால் உள்ளே போய்விடும். லொடலொட என்றிருந்தால் வேறு நூடுல் பாருங்கள்.

மொத்த நீளம் 36 இஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள். பைப்பை 33 இஞ்சில் ஆக்ஸா பிளேடால் அறுத்து, வாயை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழுக்குங்கள். கீழே ஏழு எட்டு இஞ்ச் கைப்பிடிக்கு, மேலே மூன்று இஞ்ச் வெறும் ஃபோம்.

இந்த மூன்று இஞ்சில்தான் எல்லாமே இருக்கிறது. என் முதல் வாளை நான் பார்த்துப் பார்த்துச் செய்தேன், கைப்பிடிக்குப் பழுப்பு நிறத்தில் தோல் மாதிரி டேப் கூடச் சுற்றினேன். பூங்காவில் விளையாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு வாளாக வாங்கிச் சோதிப்பார்கள். சோதித்தவர் என் கைப்பிடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முனையில் கட்டைவிரலை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார், என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். ஃபோமுக்கு அடியில் பைப்பின் வாய் மோதிரம் மாதிரி வட்டமாக நிரடியது. "இது யார் கண்ணிலாவது பட்டால்?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு இரவல் வாள்தான்.

நான் விட்ட தப்பு இதுதான்: பைப் நின்ற இடத்துக்கு மேலே நூடுலின் ஓட்டை ஓட்டையாகவே இருந்தது. அதனால் முதலில் பைப்பின் வாயை அடையுங்கள். ஒரு சென்ட் காசு இதற்கென்றே அடித்த மாதிரி இருக்கும், 19 மில்லிமீட்டர், விளிம்புக்கு வெளியே நீட்டாமல் உட்காரும். காசை வைத்து மேலே குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுங்கள். மிச்ச நூடுலில் ஒரு துண்டை ஓட்டை அளவுக்குச் செதுக்கித் திணியுங்கள். கடைசியாக ஃபோம் பாயில் இரண்டு வட்டம் வெட்டி மேலே ஒட்டி மூடுங்கள். அடிப்பக்கம் கெட்டி, மேலே மெத்து. கைப்பிடியின் கீழ்முனைக்கும் இதே மாதிரி ஒரு உருண்டைக் குமிழ் வேண்டும், கை சுழலும்போது அதுவும் எதிராளி முகத்துக்குத்தான் போகும். முனையும் குமிழும் இரண்டு, இரண்டரை இஞ்ச் வளையத்துக்குள் நுழையக்கூடாது என்று பல விளையாட்டுகளில் விதி வைத்திருப்பது கண்குழியை நினைத்துத்தான்.

அடிபடுமா என்று கேட்டீர்கள். தலையிலும் கழுத்திலும் அடிப்பது கிடையாது. ஆம்ட்கார்டில் கையில் பட்டால் கை போச்சு, உடம்பில் பட்டால் ஆள் அவுட், எவ்வளவு பலமாகப் பட்டது என்பது கணக்கே இல்லை. அதனால் ஓங்கிச் சாத்தவேண்டிய அவசியமும் இல்லை. செய்து முடித்ததும் பையனின் முதுகில் நீங்களே முழு வேகத்தில் ஒன்று வையுங்கள், எத்தனையோ நாள் பாக்கி இருக்கும். அவன் சிரித்தால் வாள் சரி. இந்த நூடுல் வாளால் வீசத்தான் வேண்டும், குத்தக்கூடாது. குத்துகிற வாளுக்கு முனை வேறு மாதிரி செய்யவேண்டும், அது அடுத்த வகுப்பு.

கேள்வி: ஊரில் சிலம்பம் சுற்றியவன் நான். நல்ல பிரம்பு ஒன்று கையில் இருக்கிறது. பிவிசிக்குப் பதில் அதை உள்ளே வைக்கலாமா?
(ஒரு வாசகர், டல்லாஸ்)

பிரம்பைக் குறை சொல்ல மாட்டேன். 1966இல் பெர்க்லியில் தொடங்கிய எஸ்சிஏ என்ற மத்தியகாலச் சண்டைக் கூட்டம் இன்றுவரை கவசச் சண்டையில் பிரம்பு வாளால்தான் அடித்துக்கொள்கிறது. மூங்கில் உள்ளே கூடு, உடைந்தால் சிம்பு சிம்பாகப் பிளந்து குத்தும். பிரம்பு உள்ளே கெட்டி, அடிபட அடிபட விளக்குமாறு மாதிரி நார் நாராகப் போகுமே தவிர ஈட்டியாகாது. ஆனால் அவர்கள் தலைக்கவசமும் உடற்கவசமும் போட்டுக்கொண்டு வாங்குகிற அடி அது. பூங்காவில் டீ-ஷர்ட்டோடு நிற்கிற காலேஜ் பையனுக்குப் பிரம்பு கனம் அதிகம். எடை குறைவாக வேண்டுமென்றால் ஃபைபர் கண்ணாடிக் கம்பி வாங்குங்கள், பிவிசியை விட வளைவு குறைவு, அடி நினைத்த இடத்தில் விழும். உலோகம், மரக்கட்டை பக்கமே போகாதீர்கள். எதை வாங்கினாலும் அதற்கு முன்னால் உங்கள் ஊர்க் குழுவின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள், ஒருவர் விடுவதை இன்னொருவர் விடுவதில்லை.

இன்னொன்று அண்ணே, சிலம்ப வீச்சு தலைக்கு மேலே சுற்றி வரும். அந்தப் பழக்கத்தில் யார் மண்டையிலாவது இறக்கிவிட்டீர்கள் என்றால் அன்றைக்கு வெளியே உட்கார வேண்டியதுதான். காலடி வரிசை மட்டும் கொண்டு போங்கள், அதற்கு அங்கே யாரும் ஈடு கிடையாது.

கேள்வி: நூடுல் மெத்தென்றுதான் இருந்தது. டேப் சுற்றியதும் கட்டையாகிவிட்டது, அடித்தால் சுரீர் என்கிறது. ஏன்?
(ஒரு மாணவி, ஹூஸ்டன்)

சுற்றியதால்தான். அடிபட்ட கைக்குக் கட்டுப் போடுகிற மாதிரி சுற்றிச் சுற்றி இழுத்திருப்பீர்கள், உள்ளே ஃபோம் அமுங்கிப்போய்விட்டது. இனி அமுங்க இடமில்லாதபோது அடி வாங்குகிறவருக்கு ஃபோம் எங்கே இருக்கிறது? டேப்பை உரித்தெடுங்கள் (நூடுலும் கொஞ்சம் பிய்ந்து வரும், வேறு வழியில்லை). தேவையான இடத்தில் மட்டும் நீளவாக்கில் இழுக்காமல் ஒட்டுங்கள். மேலே துணி உறை போடுங்கள். உறையைக் குழாய் மாதிரி தைத்து, உள்ளே வெளியே திருப்பி, காலுறை போல மாட்டிக் கைப்பிடியில் கட்டிவிட்டால் போதும். நான் வீட்டிலிருந்த பழைய உள்பாவாடைத் துணியில்தான் தைத்தேன், கருநீலம். இரண்டு வருடம் உழைத்தது, யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

கேள்வி: எந்தப் பசை நல்லது? குளூ கன் போதாதா?

போதாது. அதன் சூட்டில் நூடுல் உருகிப் பள்ளம் விழும், ஆறியபிறகு ஓர் அடிக்கே பெயர்ந்து வரும். செருப்பு ஒட்டுகிற கான்டாக்ட் பசைதான் சரி. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, பிறகு சேர்த்து அமுக்குங்கள். சேர்த்தால் சேர்த்ததுதான், நகர்த்த முடியாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். தெர்மோகோலில் மட்டும் இந்தப் பசையைத் தடவாதீர்கள், கரைந்து ஓட்டை விழும்.

கேள்வி: பைப்பை மூடிய நூடுல் மாதிரிதான் இருக்கிறது, வாள் மாதிரியே இல்லை. மகள் தொடமாட்டேன் என்கிறாள்.
(ஒரு வாசகர், சான் அன்டோனியோ)

அவள் மனதில் இருப்பது இங்கிலாந்து வழி வாள். 1982இல் செஷயரில் பெக்ஃபோர்டன் கோட்டைக்குள் ட்ரெஷர் ட்ராப் என்ற விளையாட்டு நடந்த காலத்திலிருந்து அந்த ஊர்க்காரர்களுக்குப் பார்வைக்கும் வாள் வாளாக இருக்கவேண்டும். ஃபோமைச் செதுக்கி மேலே லேடெக்ஸ் என்ற ரப்பர் பால் பூசி வெள்ளிச் சாயம் அடிப்பார்கள். அழகுதான், ஆனால் ஒவ்வொரு பூச்சும் காயவேண்டும், பொறுமை வேண்டும், முதல் வாளில் அதைத் தொட்டால் பாதியில் பரணுக்குப் போகும். இந்த நூடுல் எப்படியும் சில மாதத்தில் தொய்ந்துவிடும், அப்போது ஃபோம் பாயை அடுக்கித் தட்டையாக ஒன்று செய்து கொடுங்கள். அதுவரை உறையை அவளுக்குப் பிடித்த நிறத்தில் தைத்துப் பாருங்களேன்.

கேள்வி: எங்கே வைப்பது?

படுக்கவைத்தோ தொங்கவிட்டோ வையுங்கள், முனையில் நிறுத்தினால் முனை நசுங்கும். ஆட்டத்துக்கு நடுவில் வாளைக் கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டு நிற்பவர்களின் வாளில்தான் பைப் சீக்கிரம் வெளியே வருகிறது. வெயில் காலத்தில் கார் டிக்கியில் விட்டால் பசை இளகும். பனிக்காலத்தில் பிவிசி விறைத்து விரிசல் விடும், என்னுடையது ஒன்று அப்படித்தான் உறைக்குள்ளேயே இரண்டாகப் போனது. விளையாடப் போகுமுன் காதருகில் வைத்து ஒரு தரம் ஆட்டுங்கள், உள்ளே கடகடவென்றால் அன்றைக்கு அதை எடுத்துப்போக வேண்டாம்.