மிசிசிப்பிக் கரையில் வெண்தலைக் கழுகு: குளிர்காலக் கேள்விகள்

கேள்வி: சிகாகோவில் இருக்கிறோம் சார். ஜனவரியில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் கையில் இருக்கிறது. எங்கே போனால் கழுகு நிச்சயம்?

பதில்: எந்தச் சனிக்கிழமை என்பதை இப்போதே முடிவு செய்யாதீர்கள். நான்கைந்து நாள் விடாமல் கடுங்குளிர் அடித்து, மிசிசிப்பி ஆறு கரைக்குக் கரை உறைந்து கிடக்கும் வாரம்தான் நல்ல வாரம். கழுகுக்கு வேண்டியது மீன், மீனுக்கு வேண்டியது திறந்த தண்ணீர். மற்ற இடமெல்லாம் உறைந்த பிறகு அது மிஞ்சுவது அணைக்குக் கீழேதான். மதகு வழியாகத் தண்ணீர் புரண்டு வருவதால் அங்கே ஐஸ் பிடிக்காது. கிசர்ட் ஷாட் என்ற சின்ன மீன் வேறு குளிர் தாங்காமல் அரைமயக்கத்தில் மேலே மிதக்கும். கழுகுக்குப் பந்தி விரித்த மாதிரி.

என் ஓட்டு அயோவாவில் லெக்ளேர் ஊரை ஒட்டிய லாக் அண்ட் டேம் 14க்கு, அதாவது படகுகள் கடக்க வழியுள்ள 14ஆம் எண் அணைக்கு. உங்களிடமிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம். கரையோரக் காட்டன்வுட் மரங்களில் உட்கார்ந்திருக்கும் கழுகு, நம் கண்ணெதிரே இறங்கி, காலால் மீனை அள்ளிக்கொண்டு மறுபடி மரத்துக்கே வரும். இன்னும் தெற்கே போக முடிந்தால் கியோகக் ஊரில் 19ஆம் எண் அணை. அவ்வளவு தூரம் முடியாது என்றால் இல்லினாய்ஸ் ஆற்றில் ஸ்டார்வ்ட் ராக் அணை, ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அங்கே பறவை தள்ளித்தான் தெரியும், பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள்.

அப்புறம், விடியும்போது அங்கே இருக்க வேண்டும். முதல் முறை நான் சாவகாசமாக இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வயிறு நிறைந்த நாலு கழுகுகள் எதிர்க்கரையில் தூங்கிக்கொண்டிருந்தன.

கேள்வி: போன வருடம் அதே அணைக்குப் போனோம், இரண்டே இரண்டுதான் இருந்தன. கழுகுகள் குறைந்துவிட்டனவா?

பதில்: குறையவில்லை, பரவிவிட்டன. குளிர் லேசாக இருக்கும் வருடம் ஆறு முழுக்கத் திறந்திருக்கும். பிறகு அவை ஏன் அணையடியில் கூட வேண்டும்? எண்ணிக்கை என்று பார்த்தால் இது அருமையான மீட்சிக் கதை. டிடிடி என்ற பூச்சிமருந்து முட்டை ஓட்டை மெலிய வைத்ததால், 1963இல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில் 417 கூடு கட்டும் ஜோடிகள்தான் தேறின. 1972இல் டிடிடிக்குத் தடை வந்தது. 2007இல் அழியும் அபாயப் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: செயின்ட் லூயிஸில் இருக்கிறோம். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். முட்டி வலி, குளிரில் நிற்க முடியாது. படத்தைப் பார்த்துவிட்டு “இது நம்ம கருடன்தானே?” என்கிறார்.

பதில்: அம்மா காரை விட்டே இறங்க வேண்டாம். ஆல்டனிலிருந்து கிராஃப்டன் வரை ஆற்றை ஒட்டியே போகும் சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் ஆறு. நிறுத்த இடம் இருக்கும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். வழியில் வெஸ்ட் ஆல்டன் பக்கம் ரிவர்லேண்ட்ஸ் ஆடுபான் என்ற பறவை மையத்தில் கண்ணாடிக்கு உள்ளேயே உட்கார்ந்து பார்க்கலாம், ட்ரம்பெட்டர் அன்னங்களும் கூட்டமாக வரும்.

கருடன் கேள்வி நியாயமானதுதான், தலை இரண்டுக்கும் வெள்ளை. ஆனால் கருடன் என்று நாம் சொல்லும் செம்பருந்துக்கு உடம்பும் வாலும் செங்கல் நிறம். இதற்கு உடம்பு கரும்பழுப்பு, வாலும் வெள்ளை. இறக்கை விரித்தால் அது நாலடி, இது ஆறேழு அடி.

கேள்வி: கூட்டத்தில் வெள்ளைத் தலையே இல்லாத பழுப்புப் பறவைகளும் இருந்தன. வேறு இனமா?

பதில்: பெரும்பாலும் அதே இனத்தின் குஞ்சு குளுவான்கள். தலையும் வாலும் முழுக்க வெளுக்க நான்கைந்து வருடம் ஆகும். எப்போதாவது பொன்னாங்கழுகும் வரும். சந்தேகம் என்றால் காலைப் பாருங்கள்: பொன்னாங்கழுகுக்கு விரல் வரை இறகு மூடியிருக்கும், இதற்கு மஞ்சள் கால் வெறுமையாகத் தெரியும்.

கேள்வி: 600 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்தும் படம் கலங்கலாகவே வருகிறது.

பதில்: காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியே எடுத்தீர்களா? உள்ளே இருந்து வெளியேறும் சூடான காற்று, தோசைக்கல்லுக்கு மேலே தெரிவதுபோல அலையடிக்கும். எந்த லென்ஸும் அதற்குத் தப்பாது. எஞ்சினையும் ஹீட்டரையும் நிறுத்தி, ஜன்னலை இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். ஷட்டர் வேகம் 1/2000 வினாடி. இருண்ட மரங்கள் பின்னணியில் இருந்தால் வெள்ளைத் தலை வெளிறிப்போகும், வெளிச்சத்தை ஒரு படி குறையுங்கள். திரும்பும்போது கேமராவைப் பைக்குள் வைத்து மூடிவிட்டு வீட்டுக்குள் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் வேர்த்துவிடும்.

கேள்வி: கரையில் ஓர் இறகு கிடந்தது. பையன் எடுத்து வைத்திருக்கிறான்.

பதில்: எடுத்த இடத்திலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். தானாக உதிர்ந்த இறகானாலும் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே ஒரு லட்சம் டாலர் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை என்று போகலாம். பூர்வகுடி மக்களின் சமயச் சடங்குகளுக்கு மட்டும் அனுமதியோடு தருகிறார்கள்.

கேள்வி: சினிமாவில் வருவதுபோல அது கத்தவே இல்லையே?

பதில்: சினிமாவில் கேட்பது பெரும்பாலும் செவ்வால் பருந்தின் குரல். இது கோழிக்குஞ்சு மாதிரி கிச்கிச்சென்றுதான் கத்தும். பையனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஏமாந்துவிடுவான்.