மிக்ஸியை வெளிநாட்டுக்கு எடுத்துப்போகலாமா?

கேள்வி: மகள் வேலைக்காகச் சிங்கப்பூர் போகிறாள், மகன் படிக்க அமெரிக்கா போகிறான். இங்கே வாங்கிய மிக்ஸியைக் கொடுத்தனுப்பினால் ஓடுமா? அடாப்டர் வாங்கினால் போதுமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: மகளுக்குத் தாராளமாகக் கொடுத்தனுப்புங்கள். மகனுக்கு வேண்டாம்.

சிங்கப்பூரிலும் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக்கின் உருவம் மட்டும் வேறு. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. விற்கிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் எத்தனையோ பேருக்குப் பணம் மிச்சமாகும். நம் 750 வாட்ஸ் மிக்ஸியை அங்கே மாட்டி, ஊறவைத்த உளுந்தைப் போட்டுத் திருகினால் பிளேடு சுற்றத் திணறும், மோட்டார் சூடாகும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் இவ்வளவு வாட்ஸைத் தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிக்கொண்டு போவதற்கு, அமெரிக்காவுக்கென்றே இங்கே கிடைக்கிற 110 வோல்ட் மிக்ஸி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடலாம்.

அப்புறம், அவன் லீவுக்கு வரும்போது அங்கே வாங்கிய ஹேர் டிரையரை இங்கே மாட்டவிடாதீர்கள். 120 வோல்ட்டுக்குச் செய்த கம்பிச்சுருளில் 230 வோல்ட் பாய்ந்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு சூடு, கருகிவிடும். போன், லேப்டாப் சார்ஜர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை. முதுகில் பொடி எழுத்தில் 100-240 என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: நமக்கு பிளக்கைக் கொடுத்ததே வெள்ளைக்காரன்தானே, லண்டனில் மட்டும் ஏன் சதுரப் பின்? – வாசகர், திருநெல்வேலி

பதில்: நம்முடையது அவர்களின் பழைய உருண்டைப் பின். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லட்சக்கணக்கில் வீடு கட்டவேண்டியிருந்தது, செம்புக்கோ தட்டுப்பாடு. அதனால் ஒவ்வொரு பாயிண்டுக்கும் தனித்தனியாக ஒயர் இழுக்காமல், ஒரே ஒயரை வீட்டைச் சுற்றி வளையமாக ஓட்டி, வழியில் எல்லா பாயிண்டுகளையும் கொடுத்தார்கள். அந்த வளையத்தில் 30 ஆம்பியர் ஓடும், டேபிள் லேம்ப்பின் மெல்லிய ஒயர் அதைத் தாங்காது. ஆகவே ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு ஃபியூஸ். இப்படி 1947-இல் வந்ததுதான் 13 ஆம்பியர் சதுரப் பின். நாம் பழையதிலேயே தொடர்ந்தோம். நம் பெரிய 15 ஆம்பியர் பிளக்கைத் தென்னாப்பிரிக்காவில் இன்றும் பார்க்கலாம். மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங் எல்லாம் சதுரத்துக்குப் போய்விட்டன. இலங்கையும் இப்போது அதையே தரமாக வைத்துக்கொண்டிருக்கிறது, பழைய வீடுகளில் உருண்டைத் துளை இன்னும் இருக்கிறது.

கேள்வி: துபாயில் அறை நண்பர்கள் மேல் துளையில் பேனாவைக் குத்தி இரண்டு பின் சார்ஜரைச் சொருகுகிறார்கள். சரிதானா? – வாசகர், ராமநாதபுரம்

பதில்: கூடவே கூடாது. துபாயிலும் அதே சதுரப் பின்தான், மேலே இருப்பது எர்த் துளை. எர்த் பின் நீளமாக இருப்பதால் அது முதலில் உள்ளே போய், கீழ் இரண்டு துளைகளின் மூடியைத் திறக்கும். அந்த மூடி இருப்பது குழந்தை கம்பியை விட்டுவிடக்கூடாது என்பதற்காக. பேனாவால் திறந்து, பொருந்தாத பின்னைத் திணித்தால் அது லூசாக நிற்கும், தீப்பொறி வரும், பிளாஸ்டிக் உருகும். முறையான அடாப்டர் ஒன்றும் பெரிய விலை இல்லை, ஆளுக்கொன்று வாங்கச் சொல்லுங்கள். மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் போன்றவற்றுக்கு அடாப்டரே வேண்டாம்: எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து 13 ஆம்பியர் பிளக்காக மாற்றிவிடுங்கள், உள்ளே 3 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் அதையும் 13-ஆக மாற்றச் சொல்லுங்கள்.