எதுக்குங்கன்னு கேளுங்க: வாசகர் கேள்வி, வக்கீல் அக்கா பதில்

இந்தத் தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல போனு, ஆதாரு, கேமரா இதப் பத்தியேதானுங்க. மத்ததையெல்லாம் அடுத்த இதழுக்கு ஒதுக்கி வெச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, நான் பெருந்துறைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல வேலை செய்யறேன், வயசு 19, மில் ஹாஸ்டல்லயே தங்கியிருக்கேன். ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் வார்டன் போன வாங்கி வெச்சுக்கறாங்க, அதுவும் லாக்க எடுத்துட்டுத்தான் குடுக்கணும். ராத்திரி வாட்ஸ்அப்ப தொறந்து யார்கூட பேசறோம்னு பாக்கறாங்க. கேட்டா உங்கப்பா அம்மாகிட்ட எழுதி வாங்கிட்டோம்ங்கறாங்க. இது சரியாக்கா?

பதில்: சரியே இல்ல கண்ணு. உனக்கு 19 ஆச்சு, 18 முடிஞ்சாலே சட்டத்துக்கு நீ பெரியவ. அப்பா எழுதிக் குடுத்த கடுதாசிய வெச்சு உன்ற போன தொறந்து படிக்கறதுக்கு யாருக்கும் உரிமை வந்துராது. மெஷினு ஓடற எடத்துல போன் வெச்சிருக்காதேன்னு சொல்லலாம், அது கை கால் பத்திரமா இருக்கறதுக்கு, அத நாம ஒத்துக்கணும். ஆனா வேலை முடிஞ்சு ரூம்ல உக்காந்து அம்மாகூடப் பேசறத ஒருத்தர் உக்காந்து படிக்கறாங்கன்னா அது வேற சமாச்சாரம். கேரளால ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல இப்படித்தான் குறிப்பிட்ட நேரத்துக்கு போன ஒப்படைக்கணும்னு ரூல் போட்டாங்க, ஒரு பொண்ணு மாட்டேன்னு நின்னுச்சு, ஹாஸ்டல விட்டே அனுப்பிட்டாங்க. அந்தப் பொண்ணு கேரளா ஹைகோர்ட்டுக்குப் போயி 2019ல ஜெயிச்சுதுங்க. இன்டர்நெட் வெச்சுக்கறது கல்வி உரிமையிலயும் அந்தரங்க உரிமையிலயும் சேர்ந்ததுன்னு சொல்லி திரும்பச் சேத்துக்கச் சொன்னாங்க. அது காலேஜ் விசயம், உன்றது மில்லு, அப்படியே வெச்சு ஒட்ட முடியாதுதான், ஆனா கேக்கறதுக்கு அது ஒரு பிடி.

எனக்கு இதுல வயிறு எரியறது எங்கன்னா, சம்பளத்துல பிடிச்சுட்டாலோ, சூப்பர்வைசர் ஒருத்தன் தப்பாப் பேசுனாலோ, வெளியூர்ல இருந்து வந்த பொண்ணுக்கு வெளி உலகத்துக்கு இருக்கற ஒரே சன்னல் அந்த போன்தான். அதையே பூட்டி வெச்சா அவ யாருகிட்டச் சொல்லுவா? தமிழ்நாட்டுல பெண்கள் தங்கற ஹாஸ்டலுக்குன்னே 2014ல ஒரு சட்டம் வந்திருக்கு, பதிவு பண்ணாம நடத்தக் கூடாது. ஒத்தையாப் போகாத, ரூம்ல இருக்கற நாலஞ்சு பேரு சேந்து எழுதுங்க, திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல நேராக் குடுங்க, மனு நம்பர மறக்காம வாங்கிக்கங்க. போக வழி இல்லாட்டி பெண்கள் உதவி எண் 181க்கு கூப்புடு.

கேள்வி: அம்முணி, நான் கோபில ரிட்டயர்டு வாத்தியார். நேர்மையா இருக்கறவனுக்கு மறைக்க என்ன இருக்குது? கேமரா வெச்சா வெச்சுட்டுப் போறான், போன்ல என்ன இருக்குன்னு பாத்தா பாத்துட்டுப் போறான். தப்பு பண்றவன்தானே பயப்படணும்?

பதில்: ஐயா வணக்கமுங்க. நம்மூர்ல பொடக்காலிக்கு நாலு தென்னந்தடுக்காவது வெச்சு மறைச்சுக்குவோம், உள்ள தப்புக் காரியம் பண்றதுக்காங்க? குளிக்கறதுக்கு. மறைக்கறது வேற, திருட்டுத்தனம் வேற, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பாக்கறதுலதான் சிக்கலே ஆரம்பிக்குது.

இதுக்கு ஒரு பழைய கேஸ் இருக்குதுங்க. உத்தரப்பிரதேசத்துல கரக் சிங்னு ஒருத்தர், கொள்ளைக் கேஸ்ல பிடிச்சு ஆதாரம் இல்லைன்னு விட்டுட்டாங்க. ஆனாலும் போலீஸ் அவருக்கு ஹிஸ்டரி ஷீட் தொறந்து, ராத்திரில கதவத் தட்டி எழுப்பறது, எங்க போறாரு வர்றாருன்னு கணக்கு வெக்கறதுன்னு விடவே இல்ல. 1962ல சுப்ரீம் கோர்ட் ராத்திரி வீட்டுக்கு வர்றது தப்புன்னு சொன்னாலும், அந்தரங்கம்னு ஒரு உரிமை அரசியல் சட்டத்துல உறுதி பண்ணலைன்னும் சொல்லிருச்சு. அது 55 வருசம் அப்படியே நின்னுச்சு. ஆதார எதிர்த்து 2012ல கேஸ் போட்டாரே புட்டசாமி, அவரு கர்நாடகா ஹைகோர்ட்டுல நீதிபதியா இருந்து ரிட்டயர் ஆனவரு, அப்ப அவருக்கு 86 வயசு. அந்தக் கேஸ்ல மத்திய அரசு வக்கீலே அந்தரங்கம் அடிப்படை உரிமை இல்லைன்னு வாதாடுனாங்க, கரக் சிங் தீர்ப்பத்தான் எடுத்துக் காட்டுனாங்க. 2017 ஆகஸ்ட் 24ல ஒம்பது நீதிபதிகளும் ஒரே குரலா, அது அடிப்படை உரிமைதான், 21வது பிரிவுல இருக்குன்னு தீர்ப்பு குடுத்தாங்க. அந்தப் பெரியவருக்கு மறைக்கறதுக்கு என்னங்க இருந்துச்சு, 86 வயசுல?

இன்னொண்ணு நம்ம பக்கத்துலயே நடந்தது, பொள்ளாச்சி பாலியல் கேஸ். 2019ல புகார் குடுத்த அந்தப் பொண்ணோட பேரை போலீஸ் அதிகாரியே நிருபர்கிட்டச் சொல்லிட்டாரு, அரசாணைலயும் அச்சாகி வந்துருச்சு. ஹைகோர்ட் மதுரைக் கிளை அந்தப் பொண்ணுக்கு 25 லட்சம் குடுங்கன்னு உத்தரவு போட்டுச்சு. 2025 மே 13ல கோயமுத்தூர் மகளிர் கோர்ட் ஒம்பது பேருக்கும் சாகற வரைக்கும் ஜெயில்னு தீர்ப்பு சொன்னதும் எல்லாரும் சந்தோசப்பட்டோம், ஆனா ஒரு தப்பும் பண்ணாத பொண்ணுக்குத்தானுங்க அங்க பயம் இருந்துச்சு. வீடியோவக் காட்டி மிரட்டுனவனுக்கு பயமே இல்ல. இத மட்டும் கொஞ்சம் ரோசனை பண்ணிப் பாருங்கய்யா.

கேள்வி: சோமனூர்ல தறி ஓட்டறேனுங்க. அவசரத்துக்கு ஒரு லோன் ஆப்ல 5 ஆயிரம் வாங்குனேன், கட்டி முடிச்சும் இன்னும் கேட்டு, என்ற காண்டாக்ட்ல இருக்கற ஒறம்பரைக்கெல்லாம் போன் பண்ணிக் கேவலமாப் பேசறாங்க. என்ற சம்சாரம் போட்டோவ அசிங்கமா மாத்தி அனுப்புவோம்ங்கறான். சாகலாம்னு தோணுதுங்க.

பதில்: அண்ணா, மொதல்ல அந்தக் கடைசி வார்த்தைக்கு. இன்னைக்கே வீட்டுல உக்காந்து சம்சாரத்துகிட்ட எல்லாத்தையும் சொல்லிருங்க, ராத்திரில மனசு தாங்கலைன்னா அரசாங்கத்தோட சுகாதார உதவி எண் 104க்கு கூப்புட்டுப் பேசுங்க. நீங்க வாங்குனது கடன், பண்ணுனது குத்தம் இல்ல, குத்தம் பண்றது அவன்.

அவனுக்கு இருக்கற ஒரே ஆயுதம் உங்க மானம் போயிரும்ங்கற பயம்தான், அதனால நீங்க முந்திக்கோங்க. காண்டாக்ட்ல இருக்கறவங்களுக்கெல்லாம் நீங்களே ஒரு மெசேஜ் போடுங்க, இந்த மாதிரி ஒரு மோசடி ஆப்ல மாட்டிட்டேன், போன் வந்தா எடுக்காதீங்க, போட்டோ வந்தா அது போலின்னு. அதப் போட்டதுமே பாதி பாரம் எறங்கிரும், நான் பாத்த கேஸ்ல எல்லாம் அப்படித்தான். இன்னொரு பைசா கட்டாதீங்க, கட்டக் கட்ட கேப்பான். மெரட்டுன மெசேஜு, நம்பரு, பணம் கட்டுன யூபிஐ விவரம் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டு அதுக்கப்புறம் ஆப்ப அழிங்க, முன்னாடியே அழிச்சுறாதீங்க. 1930க்கு போன் பண்ணி சைபர் கிரைம்ல புகார் பதிவு பண்ணுங்க. கடன் குடுக்கற ஆப்பு உங்க காண்டாக்ட், கால் லிஸ்ட், கேலரி இதத் தொடவே கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022 செப்டம்பர்லயே சொல்லிருச்சு. போட்டோ விசயத்துக்கு ஸ்டாப்என்சிஐஐன்னு ஒரு வெப்சைட் இருக்கு, படத்த அங்க ஏத்த வேண்டியதில்ல, உங்க போன்லயே படத்துக்கு ஒரு அடையாள எண் மாதிரி உருவாக்கி அத மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி கம்பெனிகளுக்கு அனுப்பும், அதே படம் ஏறுனா தடுக்கப் பாப்பாங்க.

கேள்வி: கோவைல படிக்கறேன் மேம். ராத்திரி காந்திபுரத்துல வண்டிய நிறுத்தி லைசென்ஸ் பாத்த போலீஸ், போனையும் வாங்கி வாட்ஸ்அப்ல தேடிப் பாத்தாரு. குடுக்க மாட்டேன்னு சொல்லலாமா?

பதில்: சொல்லலாம் தம்பி, ஆனா மரியாதையாச் சொல்லு. லைசென்ஸு, ஆர்சி கேக்கறது அவங்க வேலை. கேஸே இல்லாம போன தொறந்து மேயறதுக்கு ரோட்டுல வெச்சு யாருக்கும் பொது அதிகாரம் கிடையாது. எந்தக் கேஸுக்குங்க சார்னு கேளு. கேஸ் இருந்து பறிமுதல்னா, 2024 ஜூலைல வந்த புதுச் சட்டப்படி அத வீடியோ எடுக்கணும், பட்டியல் போட்டு கையெழுத்து வாங்கணும், அதோட நகல் உனக்குக் குடுக்கணும். பாஸ்வேர்டு சொல்லியே ஆகணுமாங்கறதுல கோர்ட்டுங்களே இன்னும் ஒரே மாதிரி சொல்லல, அங்க வக்கீல் இல்லாம வாயத் தொறக்காத. அங்கயே மல்லுக்கட்ட வேண்டாம், நேரத்தையும் எடத்தையும் எழுதி வெச்சுட்டு மறுநாள் கமிஷனர் ஆபீஸ்ல புகார் குடு.

கேள்வி: பல்லடத்துல லாட்ஜ்ல இருந்து ஜெராக்ஸ் கடை வரைக்கும் ஆதார் காப்பி குடுத்துக் குடுத்து பயமா இருக்குங்க.

பதில்: ஆதார் வெப்சைட்லயே மாஸ்க்டு ஆதார்னு எறக்கிக்கலாம், கடைசி நாலு நம்பர்தான் தெரியும், லாட்ஜுக்கெல்லாம் அதக் குடுங்க. கைரேகைய லாக் பண்ணி வெக்கற வசதியும் இருக்கு. ஜெராக்ஸ் கடைல வாட்ஸ்அப்ல அனுப்பி பிரிண்ட் எடுத்தீங்கன்னா அவங்க கம்ப்யூட்டர்ல டெலீட் பண்ற வரைக்கும் நின்னு பாத்துட்டு வாங்க, கூச்சப்படாதீங்க.

கேள்வி: நோம்பிக்குத் துணி எடுக்க திருப்பூர்ல ஒரு கடைக்குப் போனா, போன் நம்பர் குடுத்தாத்தான் பில்லுன்னு நிக்கறாங்க. ஏதோ புதுச் சட்டம் வந்திருக்காமே?

பதில்: வந்திருக்குங்க, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். 2023ல நிறைவேறுச்சு, விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, அதுலயும் கம்பெனிகளுக்கு இருக்கற முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் டைம் குடுத்திருக்காங்க. ஒரு காரியத்துக்கு வாங்குன தகவல அந்தக் காரியத்துக்குத்தான் வெச்சுக்கணும்ங்கறது நல்ல விசயம், சட்டத்த மீறுனா தப்பப் பொறுத்து அதிகபட்சம் 250 கோடி வரைக்கும் அபராதம். ஆனா அரசாங்கத்துக்குன்னு வரும்போது ஏகப்பட்ட விலக்கு வெச்சிருக்காங்க, தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு பிரிவையும் இதோட சேத்து சுருக்கிட்டாங்க, அது எனக்கு ஏத்துக்கவே முடியல. நம்மள பாக்கறவங்கள நாம பாக்கறதுக்கு இருந்த வழில ஒண்ணு அது.

உங்க துணிக்கடைக்கு இந்தச் சட்டம் வரைக்கும் போக வேண்டாம். நம்பர் குடுத்தாத்தான் பில்லுன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாசமே கடைக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. எதுக்குங்க நம்பருன்னு கேளுங்க, ஆஃபர் அனுப்பறதுக்குன்னா வேண்டாமுங்கன்னு சொல்லிட்டு பில்ல வாங்கிட்டு வாங்க. பின்னாடி வரிசைல நிக்கறவங்க மொறைப்பாங்க, மொறைக்கட்டும். அப்புறம் அந்தப் புதுச் சட்டத்துல எனக்குப் புடிச்ச ஒண்ணு, சம்மதம் கேக்கற நோட்டீஸ இங்கிலீஷ்ல மட்டும் நீட்டிட்டுப் போக முடியாது, தமிழ்ல வேணும்னா தமிழ்லயும் படிக்கற வசதி குடுத்தாகணும். அது நடைமுறைக்கு வர்றப்ப மொத ஆளா நீங்க கேளுங்க, என்ன குடுத்தாங்கன்னு எனக்கு எழுதுங்க.