பெரிய பேருந்துகளில் ஸ்டியரிங் உதவி: ஓட்டுநர்கள் கேட்டவையும் என் பதில்களும்

12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள சொகுசுப் பேருந்துகளின் முன் அச்சு, ஸ்டியரிங் பாக்ஸ், பம்ப் வேலைதான் என் அன்றாட வேலை. ஓட்டுநர்களும் பணிமனைத் தம்பிகளும் வண்டி உரிமையாளர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பவர் ஸ்டியரிங் எல்லாப் பேருந்திலும் இருக்கிறதே அண்ணே, புது வண்டியில் 'ஸ்டியரிங் அசிஸ்ட்' என்று தனியாகச் சொல்கிறார்களே, அது என்ன?

பதில்: மூன்று அடுக்காகப் பாருங்கள். அடியில் இருப்பது நமக்குத் தெரிந்த ஹைட்ராலிக். நீங்கள் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஸ்டியரிங் பாக்ஸுக்குள் டார்ஷன் பார் என்று ஒரு கம்பி இருக்கிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பினால் அது லேசாக முறுக்கிக்கொண்டு வால்வைத் திறக்கும். பம்பிலிருந்து வரும் ஆயில் பிஸ்டனைத் தள்ளும். பெரிய வண்டிகளில் அந்த அழுத்தம் 150 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேலும் போகும்.

இரண்டாவது அடுக்கு, அந்தப் பாக்ஸின் தலையில் உட்காரும் மின்மோட்டார். வோல்வோவின் டைனமிக் ஸ்டியரிங், பாஷின் சர்வோட்வின், இசட்எஃப்பின் ரீஆக்ஸ் எல்லாம் இந்த வகை. ஹைட்ராலிக் எப்போதும்போல வேலை செய்யும். மோட்டார் அதன்மேல் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். நிறுத்துமிடத்தில் லேசாகவும் வேகத்தில் கொஞ்சம் இறுக்கமாகவும் வைத்துக்கொள்ளும், பக்கக்காற்று தள்ளினால் எதிர்ப்பக்கம் பிடிக்கும், விட்டால் நடுவுக்குக் கொண்டுவரும். வோல்வோவின் மோட்டார் நொடிக்கு 2000 முறை தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அதன் உச்ச முறுக்குவிசை 25 நியூட்டன் மீட்டர்.

மூன்றாவது அடுக்கு கேமரா. சாலைக் கோட்டைப் பார்த்து, வண்டி விலகினால் அந்த மோட்டாருக்கே உத்தரவு கொடுக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மேல் அடுக்கு கீழ் அடுக்கின் குறையை மறைக்கும், சரிசெய்யாது. முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின் தேய்ந்த வண்டியை மோட்டார் சில மாதம் நேராக ஓட்டிக் காட்டும். அந்த மாதங்களில் தேய்மானம் நின்றுவிடாது, உங்கள் கைக்குத் தெரியாமல் வளரும்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பம்ப் ஊளையிடுகிறது. ஆயில் அளவு சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: டேங்க் மூடியைத் திறந்து எஞ்சின் ஓடும்போதே டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் தெளிவாக இல்லாமல் நுரை கட்டி, வெளுத்து, மேலே சின்னச் சின்னக் குமிழ் வந்துகொண்டே இருந்தால் காற்று உள்ளே போகிறது. பெரும்பாலும் டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸில்தான் கோளாறு. அந்தப் பக்கம் அழுத்தம் இல்லை, உறிஞ்சல்தான். அதனால் ஆயில் வெளியே சொட்டாது, காற்று மட்டும் உள்ளே நுழையும். கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ரப்பர் கெட்டிப்பட்டிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, ஹோஸையே மாற்றுங்கள்.

காற்றை வெளியேற்ற, முன் அச்சை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். ஆயிலை நிரப்பி, எஞ்சினை ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல்) ஓடவிட்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். கோடியில் அழுத்திப் பிடிக்க வேண்டாம். அளவு இறங்க இறங்க ஆயில் ஊற்ற ஒருவர் டேங்க் பக்கத்திலேயே நிற்கட்டும். குமிழ் நின்றால் முடிந்தது. சில பாக்ஸ்களில் காற்று விடத் தனி ஸ்க்ரூ இருக்கும்.

அளவை எப்போது பார்க்க வேண்டும் என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். எஞ்சின் ஓடும்போது ஒரு கோடு, நின்றபின் ஒரு கோடு என்று டிப்ஸ்டிக்கிலோ கையேட்டிலோ இருக்கும், அதன்படி பாருங்கள்.

கேள்வி: எந்த ஆயில் ஊற்றுவது? சிவப்பு ஆயில் எல்லாம் ஒன்றுதானே?

பதில்: இல்லை. டேங்க் மூடியிலோ கையேட்டிலோ உள்ள தரக்குறியீடு எதுவோ அது மட்டும். நிறம் ஒரு சாயம்தான். எஞ்சின் ஆயில் கேட்கும் அமைப்புகளும் உண்டு. தெரியாமல் கலந்துவிட்டால் முழுவதும் வடித்து, ஃபில்டரையும் மாற்றிவிட்டு நிரப்புங்கள். ஆயில் கறுத்து, கருகிய வாடை வந்தால் மாற்றினால் மட்டும் போதாது, ஏன் சூடேறியது என்றும் தேடுங்கள்.

கேள்வி: வண்டியை ஃபுல்லா ஒடித்துத் திருப்பும்போது கடைசியில் 'கிர்' என்று கனமான சத்தம். பம்ப் போய்விட்டதா?

பதில்: பம்ப் போகவில்லை, அது கத்துகிறது. கோடியில் பிடித்து வைத்தால் ஆயில் போக வழியில்லாமல், மிஞ்சிய அழுத்தத்தை விடும் ரிலீஃப் வால்வு வழியாகவே சுற்றிச் சுற்றி வரும். சில நொடிகளில் பம்புக்குள் இருக்கும் கொஞ்ச ஆயில் பயங்கரமாகச் சூடாகிவிடும். சக்கரம் கோடியைத் தொட்டதும் கையை ஒரு விரலளவு தளர்த்துங்கள்.

பெரிய வண்டிகளின் பாக்ஸில் சக்கரம் கோடிக்கு வரும் முன்பே அழுத்தத்தை இறக்கிவிடும் லிமிட் வால்வுகள் உண்டு. அவை சரியாக இருந்தால் கடைசியில் சத்தம் குறைந்து ஸ்டியரிங் கனக்கத் தொடங்கும். முன் அச்சில் சக்கரத்தின் திருப்பத்தை நிறுத்தும் ஸ்டாப் போல்ட்டை மாற்றியிருந்தால், பாக்ஸை மாற்றியிருந்தால், வேறு அளவு டயர் போட்டிருந்தால் அந்த வால்வுகளை மறுபடி அமைக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சுமை முழுக்க டிராக் லிங்க்கும் (பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) பம்பும் தாங்குகின்றன.

கேள்வி: ஸ்டியரிங் கனமாகிவிட்டது. பம்பை மாற்றச் சொல்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

பதில்: விலை கூடிய பொருளை முதலில் மாற்றுவது கண்டறிதல் ஆகாது. எப்போது கனக்கிறது என்று கவனியுங்கள்.

ஐடிலில் கனத்து, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் லேசானால், பம்ப் பக்கம், ஃபில்டர் அடைப்பு பக்கம் சந்தேகப்படலாம். பிரஷர் கேஜும் ஃப்ளோ மீட்டரும் போட்டுப் பார்த்த பிறகே பம்பைக் கழற்றுங்கள். இடப்பக்கம் லேசு, வலப்பக்கம் கனம் என்றால் பாக்ஸுக்குள் சீல் அல்லது அந்த லிமிட் வால்வு. ஸ்டியரிங்கின் ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் மட்டும் பிடித்துப் பிடித்து விட்டால், அது நிச்சயம் ஆயில் சமாச்சாரம் இல்லை. ஸ்டியரிங் தண்டில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் என்ற மடங்கும் இணைப்பில் சிலுவை வடிவத் துண்டு இறுகியிருக்கிறது. பாக்ஸைக் கழற்றி மாட்டிவிட்டு, அப்புறம் இந்தச் சின்ன ஜாயின்ட்டைக் கண்டுபிடித்த பணிமனைகளைப் பார்த்திருக்கிறேன்.

திருப்பிவிட்டுக் கையை விட்டால் நடுவுக்குத் திரும்பவில்லையா? முன் அச்சைத் தூக்கி, டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் திருப்பிப் பாருங்கள். அங்கே கனத்தால் கிங் பின் வறண்டிருக்கிறது. சக்கரம் லேசாகத் திரும்பி ஸ்டியரிங் மட்டும் கனத்தால் பாக்ஸோ தண்டோ. கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது அச்சைத் தூக்கி எடையை எடுத்துவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் சுமை தாங்கும் பக்கத்துக்கு கிரீஸ் போய்ச் சேராது. பழைய அழுக்கு கிரீஸ் வெளியே வந்து, அதன் பின்னால் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும்.

கேள்வி: சார், எங்கள் வண்டி வேகத்தில் இடமும் வலமும் அலைகிறது. முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடில் மாட்டி, ஸ்டியரிங்கை நடுவில் பிடிக்கும் சென்டரிங் சிலிண்டர் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் கடைசியாக. அலைச்சலுக்குக் காரணங்கள் வேறு இடத்தில் இருக்கும்.

முதலில் டயர் காற்று. அச்சு அச்சாக எடை போட்டு, அந்தச் சுமைக்கு உரிய காற்று வையுங்கள். அடுத்து ஏர் சஸ்பென்ஷனின் உயரம். இதைப் பலர் நினைப்பதே இல்லை. உயரத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் கம்பி வளைந்தோ இடம் மாறியோ வண்டியின் பின்புறம் உயர்ந்துவிட்டால், கிங் பின்னின் மேல்முனை முன்னோக்கிச் சாயும். காஸ்டர், அதாவது கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், குறையும். அலைன்மென்ட்டை (சக்கரக் கோணங்களின் அமைப்பை) யாரும் தொடாமலேயே ஸ்டியரிங் நடுவில் நிற்காமல் அலையும். அதனால் அலைன்மென்ட் செய்யும் முன்பே உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். உயரம் தப்பாக இருக்கும்போது செய்த அலைன்மென்ட்டில் பயனில்லை.

பிறகு தேய்மானம். எஞ்சின் ஓட, பார்க்கிங் பிரேக் போட்டு, ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கைச் சிறிதளவு இப்படியும் அப்படியும் ஆட்டட்டும். நீங்கள் கம்பிகளை இணைக்கும் ஒவ்வொரு பால் ஜாயின்ட்டின் மேலும் விரல்களைப் பாதி ஜாயின்ட்டிலும் பாதி கம்பியிலும் படும்படி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவும் 'டக்' என்று விரலில் தெரியும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்க்காதீர்கள். உதவி இல்லாமல் டார்ஷன் பார் முறுக்கிக்கொள்வதும் ப்ளே (தேய்மானத்தால் வரும் தளர்வு) போலவே தோன்றும், ஏமாந்துவிடுவீர்கள்.

ப்ளே பாக்ஸில்தான் என்று உறுதியானாலும் மேலே இருக்கும் ஸ்க்ரூவை அவரவர் இஷ்டத்துக்கு இறுக்கக் கூடாது. நேர் நிலையில், டிராக் லிங்க் கழற்றிய நிலையில், கையேட்டின் அளவுப்படி செய்ய வேண்டிய வேலை அது. கூடுதலாக இறுக்கினால் ஸ்டியரிங் நடுவில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஓட்டுநர் திருத்தித் திருத்தி ஓட்ட, முன்னைவிட மோசமாக அலையும்.

இவ்வளவும் சரியான பிறகு சென்டரிங் சிலிண்டர் நல்ல துணை. பக்கக்காற்றில் தோள் வலியைக் குறைக்கும். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் பிடுங்கிக்கொண்டு போவதை ஓரளவு தடுக்கும். மாட்டும்போது இரண்டு பக்கமும் ஃபுல்லா ஒடித்து, சிலிண்டர் தன் கோடியை எட்டும் முன் சக்கரத்தின் ஸ்டாப் எட்டுகிறதா என்று பாருங்கள். டை ராடில் கிளாம்ப் நகர்ந்தால் நடுவும் நகரும். பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் நகர்வு உடனே தெரியும். காற்றால் இயங்கும் வகையில், ஓட்டும்போதே பட்டனால் நடுவை அமைக்கலாம். ஒரு பக்கம் சாய்ந்த சாலையில் அமைத்தால், சமமான சாலைக்கு வந்ததும் மறுபக்கம் இழுக்கும். திரும்ப அமைக்க வேண்டும், அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: முன் கண்ணாடி மாற்றினோம். அதிலிருந்து கோட்டைப் பிடிக்கும் உதவி ஒரு பக்கமாக இழுக்கிறது, சில நேரம் தானே அணைகிறது.

பதில்: கேமரா காலிபரேஷன், அதாவது அதன் பார்வையை மறுபடி சரிபார்த்து அமைப்பது, செய்யவில்லை. கண்ணாடி மாற்றினால் கட்டாயம். அலைன்மென்ட் செய்தாலோ ஸ்டியரிங் வீலைக் கழற்றி மாட்டினாலோ ஸ்டியரிங் கோண சென்சாரின் பூஜ்யத்தையும் மறுபடி பதிய வேண்டும். வண்டி நேராகப் போகும்போது வீல் சற்றே கோணலாக இருந்தால், மோட்டார் அந்தக் கோணலைத் திருப்பம் என்று எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் தள்ளும்.

கேள்வி: கோட்டைப் பிடித்து ஓடும்போது கையை எடுத்தால் எவ்வளவு நேரம் ஓடும்?

பதில்: இந்தக் கேள்வி வருவதே எனக்குக் கவலை. வாகன ஸ்டியரிங்குக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 79-இன்படி, கை இல்லை என்று கண்டபின் அதிகபட்சம் 15 நொடியில் கண்ணால் பார்க்கும் எச்சரிக்கை வர வேண்டும், 30 நொடிக்குள் சத்தத்தோடு வர வேண்டும், அப்புறமும் பிடிக்காவிட்டால் உதவி தானே விலகிவிடும். கையை எடுப்பதற்கான அனுமதி அல்ல இது. மணிக்கு 90 கிலோமீட்டரில் 15 நொடி என்றால் 375 மீட்டர். பின்னால் அத்தனை பயணிகள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். அழிந்த கோடு, மழை, எதிர்வெயில், சாலைப் பணியில் இரட்டைக் கோடு, இவற்றில் கேமரா தடுமாறும். அந்த இடங்களில் முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

கேள்வி: நான் பெண் ஓட்டுநர், உயரம் குறைவு. ஸ்டியரிங் லேசாக இருந்தும் மாலையில் தோள் பிடித்துக்கொள்கிறது.

பதில்: சகோதரி, முதலில் இருக்கையை அமைத்து, பிறகு வீலின் உயரத்தையும் சாய்வையும் அமையுங்கள். முதுகு சாய்விலிருந்து பிரியாமல் வீலின் மேல் விளிம்பு மணிக்கட்டுக்கு எட்ட வேண்டும். மோட்டார் உள்ள வண்டியென்றால் சிலவற்றில் லேசு, நடுத்தரம், கனம் என்று தேர்வு இருக்கும். வேகத்தில் மிக லேசாக வைத்தால் கை சதா திருத்திக்கொண்டே இருக்கும், தோளுக்கு அதுதான் களைப்பு. நடுத்தரம் வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் வலித்தால் வண்டி இழுக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். வலியை உங்கள் உடம்பின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஓடும்போது பம்ப் நின்றுபோனால் வண்டியைத் திருப்பவே முடியாதா?

பதில்: முடியும். பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் இரும்புத் தொடர்பு அப்படியேதான் இருக்கிறது. அதே ஒழுங்குமுறை 79-இல் பெரிய பேருந்துக்கு ஸ்டியரிங் விசை, நல்ல நிலையில் 200 நியூட்டனைத் தாண்டக் கூடாது, உதவி போன நிலையில் 450 நியூட்டனைத் தாண்டக் கூடாது. 450 என்பது ஏறக்குறைய 46 கிலோ எடை. இரண்டு கையாலும், உடம்பைக் கொடுத்து இழுக்க வேண்டும். பதறாமல் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். ஒரேயடியாக பிரேக் மிதிக்காதீர்கள். வேகம் குறையக் குறைய கனம் கூடும், அதனால் ஒதுங்க வேண்டிய திருப்பத்தை வண்டி உருளும்போதே முடித்துவிடுங்கள்.

சில வண்டிகளில் சக்கரம் உருள்வதால் சுற்றும் இரண்டாவது பம்ப் இருக்கும். வண்டி நின்றால் அதுவும் நின்றுவிடும். இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே விடுங்கள்.

ஆயில் எங்கே பீய்ச்சுகிறது என்று வெறுங்கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளையிலிருந்து அந்த அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். கசிவைப் பார்க்க ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: வண்டியின் அடிச்சட்டத்தில் வெல்டிங் செய்ய வேண்டும். ஸ்டியரிங் மோட்டாருக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: ஆகலாம். பேட்டரியைக் கழற்றி, கையேடு சொல்லும் கன்ட்ரோல் யூனிட் இணைப்புகளையும் பிரித்துவிட்டு, எர்த்தை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். கழுவும்போதும் அதிவேகத் தண்ணீரை பாக்ஸின் சீல், ரப்பர் பூட், மோட்டார் கனெக்டர் மீது நேராக அடிக்க வேண்டாம்.

கேள்வி: மூன்று அச்சு வண்டியில் கடைசி அச்சும் திரும்புகிறது. அதற்கும் ஏதாவது பராமரிப்பு?

பதில்: உண்டு. தானாகத் திரும்பும் வகையில், வேகத்திலும் ரிவர்ஸிலும் அதை நேராகப் பூட்டும் சிலிண்டரைச் சோதியுங்கள். பூட்டாமல் ரிவர்ஸ் எடுத்தால் சக்கரம் தப்பான பக்கம் புரண்டு டயரைத் தேய்க்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ரிவர்ஸ் எடுக்கும் முன் ஒருவரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அச்சின் டயர் ஓரங்களில் சீப்புப் பல் போலத் தேய்மானம் தெரிந்தால், முன் அலைன்மென்ட் மட்டும் பார்க்காமல் மூன்று அச்சையும் சேர்த்து அளக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள்.